மெக்கிரெகர் 26: சாலை அளந்து கொடுத்த படகு

படகின் பின்முகத்தில், வலப்பக்க மேல்மூலையில், விளிம்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் ஒரு வரி பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்து அதில் பன்னிரண்டு இடங்கள். அமெரிக்காவில் 1972 நவம்பர் 1 முதல் விற்பனைக்குக் கட்டப்படும் எந்தப் படகும் இந்த அடையாள எண் இல்லாமல் பட்டறையை விட்டு வெளியேறக் கூடாது என்பது சட்டம். முதல் மூன்று எழுத்துகள் கட்டியவரைக் குறிக்கும். அடுத்த ஐந்து இடங்கள் வரிசை எண். 1984 ஆகஸ்டுக்குப் பிந்தைய முறைப்படி, கடைசி நான்கு இடங்களில் கட்டிய மாதமும் ஆண்டும், எந்த ஆண்டின் மாதிரியாக விற்கப்பட்டது என்ற மாதிரி ஆண்டும் அடங்கிவிடும். இவ்வளவு தெளிவான ஏற்பாடு இருக்கையில் ஒரு சிறு படகின் வயதைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அந்த வரியின்மேல் யாரோ தடிப்பாக வெள்ளைச் சாயம் அடித்திருக்க, வாங்கிய ரசீதுகள் தொலைந்துபோயிருக்க, படகு நான்கைந்து கை மாறியிருக்க, எஞ்சியிருப்பது பக்கவாட்டில் பாதி உரிந்த "மெக்கிரெகர் 26" என்ற பெயர் மட்டுமே என்றால் நிலைமை வேறு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஆண்டைச் சொல்ல முடியாது. ஏனென்றால் அந்தப் பெயரில் கட்டப்பட்டவை நான்கு வெவ்வேறு பாய்ப்படகுகள்.

நான் இருப்பது மலேசியாவின் சிலியாவ் பட்டணத்தில். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையில், 1891-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாதையின் ஓரத்தில், ஒரு காலத்தில் நாற்புறமும் ரப்பர் தோட்டங்களும் இப்போது பெரும்பாலும் செம்பனையுமாக இருக்கிற ஊர். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது; ஆனால் ஊரில் எங்கு நின்றாலும் கண்ணில் படாது. என் பட்டறையின் பிழைப்பு தோட்டத்து டிராக்டர்களின் டிரெய்லர்கள்: ஆக்சில் மாற்றுவது, பேரிங் போடுவது, துருப்பிடித்த சேஸியை வெட்டி ஒட்டுவது. போர்ட்டிக்சனில் 1927-ஆம் ஆண்டிலிருந்தே படகுக் கழகம் உண்டு என்றாலும், கரையோரத்தில் படகு பழுதுபார்ப்பவர்கள் படகைத்தான் பார்ப்பார்கள். அதைச் சுமக்கும் டிரெய்லர் உப்புநீரில் அழுகினால் அவர்களுக்கு அது வேலையே இல்லை. ஆகவே அவ்வப்போது ஒரு படகு டிரெய்லர், படகோடு சேர்த்தே, செம்பனைக் குலை ஏற்றும் டிரெய்லர்களுக்கு நடுவில் வந்து நிற்கும். அப்படி வந்ததுதான் இந்த 26. சிரம்பானில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதை மலிவாக வாங்கியிருந்தார். காப்புறுதிப் படிவத்தில் "கட்டப்பட்ட ஆண்டு" என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்ப முடியாமல் நின்றார். டிரெய்லரைச் செப்பனிடும் சாக்கில் நானும் அந்தத் தேடலுக்குள் இறங்கினேன்.

மெக்கிரெகர் படகுகளின் கதை தொடங்கிய இடம் துறைமுகம் அன்று, வகுப்பறை. ரோஜர் மெக்கிரெகர் 1960-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மை படித்தபோது, பாடப் பணியாக ஒரு படகு நிறுவனத்துக்கான திட்டத்தை வரைந்தார். பிறகு அந்தத் திட்டத்தையே தொழிலாக்கினார். கலிஃபோர்னியாவின் கோஸ்டா மேசா நகரம் அப்போது ஃபைபர்கிளாஸ் படகுத் தொழிலின் பெரும் பட்டறையாக இருந்தது. கொலம்பியா, ஐலாண்டர், வெஸ்ட்செய்ல் என்று பெயர்பெற்ற நிறுவனங்கள் அங்கே அடுத்தடுத்து இயங்கின. அவற்றில் ஒன்றுகூட 1980-களைத் தாண்டி அங்கே நிலைக்கவில்லை. மெக்கிரெகரின் நிறுவனம் 2013 வரை நின்றது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகளைக் கட்டியது. மற்றவர்கள் கடலோடிகளுக்காகக் கட்டினார்கள், இவர் கார் வைத்திருந்தவர்களுக்காகக் கட்டினார் என்பதே அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். படகை நிறுத்திவைக்கத் துறையில் மாத வாடகை கொடுக்க முடியாத, வீட்டு வாசலில் டிரெய்லரோடு நிறுத்திவைக்கக்கூடிய குடும்பங்கள்தாம் அவருடைய சந்தை.

தொடக்க காலப் படகுகள் "வெஞ்சர்" என்ற பெயரில் வந்தன. 17, 21, 22, 24, 25 அடி என்று பல அளவுகளில், ஏறத்தாழ ஒரே யோசனையின் சிறியதும் பெரியதுமான வடிவங்களாக அவை அமைந்தன. அவற்றின் முடிவான வடிவம் என்று 1973 முதல் 1987 வரை கட்டப்பட்ட 25-ஐச் சொல்லலாம். அதன் அகலம் எட்டு அடிக்குச் சற்றே குறைவு. இந்த அளவு அலையைப் பார்த்து வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வாகனத்தின் அகலத்துக்கு 1982 வரை இருந்த வரம்பு 96 அங்குலம், அதாவது சரியாக எட்டு அடி. அதன்பின் வரம்பு 102 அங்குலமாக உயர்ந்தபோதும் 26-இன் அகலம் எட்டு அடிக்குள்ளேயே நின்றது. ஏற்கெனவே இருக்கிற டிரெய்லரையும், வீட்டு வாசலின் அகலத்தையும், சாதாரணக் காரின் கண்ணாடியில் பின்னால் எவ்வளவு தெரியும் என்பதையும் கணக்கில் எடுத்தால், அதை அகலப்படுத்த எந்த நியாயமும் இல்லை.

25-இன் எடை சுமார் 950 கிலோ. அதில் ஏறக்குறைய 280 கிலோ, அடியில் கீல் போட்டு மடங்கும் கனமான உலோக அடிப்பலகையின் எடை. பாய்ப்படகு ஒன்று காற்றில் சாயும்போது அதை நிமிர்த்திப் பிடிப்பது இந்த அடிப்பாரம்தான். ஆனால் அதே அடிப்பாரம்தான் சாலையில் தண்டச் சுமை. கரையில் இருக்கும்வரை அதற்கு ஒரு பயனும் இல்லை. பெட்ரோலைக் குடிக்கும், பிரேக்கைத் தேய்க்கும், பெரிய காராக வாங்க வைக்கும். 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கக் கார்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. இழுக்கும் வண்டி சிறுக்கும்போது இழுபடும் படகும் இளைக்க வேண்டும், அல்லது விற்காமல் நிற்க வேண்டும். 1986-இல் வந்த முதல் 26 இந்தக் கேள்விக்கான பதில் என்பது என் கணிப்பு: கனத்தைச் சாலையில் சுமக்காமல், கடலில் இறங்கிய பிறகு கடலிடமிருந்தே வாங்கிக்கொள்வது.

படகின் அடிவயிற்றில் முன்னிருந்து பின்வரை ஒரு தொட்டி. படகை டிரெய்லரிலிருந்து நீரில் இறக்கியதும் பின்முகத்தில் உள்ள வால்வைத் திறந்தால், தொட்டி நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் தண்ணீர் தானாக ஏறும். உள்ளிருக்கும் காற்று முன்பக்கத் துளை வழியே வெளியேறும். தொட்டி நிரம்பியதும் இரண்டையும் மூடிவிட வேண்டும். கரையேறும்போது வால்வைத் திறந்துவைத்தால் சரிவில் படகின் மூக்கு உயர உயரத் தண்ணீர் பின்னால் கொட்டிவிடும். முதல் 26-இல் இப்படி ஏறி இறங்கிய தண்ணீர் 1200 பவுண்டு, ஏறத்தாழ 545 கிலோ. தண்ணீர் இல்லாத படகோ 750 கிலோ அளவில்தான் இருந்தது. முந்தைய 25-ஐவிட நீளம் கூடியிருந்தும் சாலையில் அது 200 கிலோ குறைவு.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைத் தோட்டத்தில் பால் டாங்கி ஓட்டியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ரப்பர்ப் பாலை ஏற்றிச் செல்லும் டாங்கி நிறைந்திருந்தால் மேட்டுச் சரிவிலும் டிராக்டர் அடக்கமாகத் திரும்பும்; காலியாக இருந்தாலும் திரும்பும்; பாதி நிறைந்திருக்கும்போதுதான் உள்ளே இருப்பது ஒரு பக்கமாக ஓடிச் சேர்ந்து வண்டியைக் கவிழ்க்கும். 26-இன் தொட்டியும் அப்படித்தான். முழுதாக நிறைந்த தொட்டியில் தண்ணீர் நகர இடமில்லை, ஆகவே அது ஈயத்தைப் போலவே அடியில் கிடந்து வேலை செய்யும். பாதித் தொட்டி, படகு சாயும் பக்கத்துக்கே தானும் ஓடி, சாய்வைக் கூட்டும்.

இந்தத் தொட்டித் தண்ணீரின் கனத்தை நாங்களே கண்ணால் பார்க்க நேர்ந்தது. புதிய ஆக்சிலை எந்தக் கனத்துக்குப் போடுவது என்று தீர்மானிக்க, படகோடு டிரெய்லரைப் பக்கத்துச் செம்பனை ஆலையின் எடைமேடைக்கு இழுத்துப் போனோம். எடைமேடைக் கிராணி எண்ணைப் பார்த்துவிட்டு, "என்னா அண்ணே, குலையே இல்லாம இவ்வளோ பாரம் காட்டுது?" என்றார். நான்கு வகை 26-களில் மிகக் கனமானதன் வெற்று எடையோடு டிரெய்லரின் எடையைக் கூட்டினாலும் அதற்குமேல் நானூறு கிலோவுக்கும் அதிகமாக எண் நின்றது. பின்பக்க வால்வு திறந்துதான் இருந்தது, துளியும் ஒழுகவில்லை. உதவியாளன் உள்ளே ஏறி, முன்படுக்கையின் அடியில் இருந்த காற்றுத் துளையின் அடைப்பைத் திருகியதும், படகு ஒருமுறை மூச்சை இழுத்தது. மறுகணம் பின்னால் பழுப்பு நிறத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. காற்று உள்ளே போக வழியில்லாததால் பழைய உரிமையாளர் காலத்துக் கடல்நீர் அங்கேயே தேங்கிக் கிடந்திருக்கிறது. "தண்ணிய உள்ள வெச்சுக்கிட்டா இவங்க கடலுக்குப் போறாங்க?" என்று அவன் கேட்டான். ஆக்சில் ஏன் வளைந்தது என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது. காலியான பிறகு மறுபடி நிறுத்தினோம். அந்த எடையே இது நான்கில் எந்த 26 என்பதற்கு முதல் தடயமாகவும் அமைந்தது. 750 கிலோ படகாக இருக்க வழியில்லை. ஆயிரத்துக்கு மேல் இருந்தது.

அந்த நான்கையும் வரிசையாகச் சொல்வது எளிது. 1986 முதல் 1989 வரை கட்டப்பட்டதை டி என்பார்கள். படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க, நடுவில் நேராக மேலிருந்து கீழே இறங்கும் டேகர்போர்டு என்ற பலகை அதற்கு. 1990 முதல் 1995 வரை வந்தது எஸ். அதில் அந்தப் பலகை கீல் போட்டு மடங்கும் சென்டர்போர்டாக மாறியது. 1995-இல் எக்ஸ். 2002-க்குப் பிறகு எம். பெயர்ப்பலகையில் எல்லாவற்றுக்கும் 26தான். உண்மையில் நீளம் 25 அடி 10 அங்குலம்.

டி-யிலிருந்து எஸ்ஸுக்கு வந்த மாற்றம் சிறியதாகத் தெரிந்தாலும் காரணம் வலுவானது. நேராக இறங்கிய பலகை ஆழமற்ற நீரில் மணல் திட்டில் இடித்தால் அடி முழுவதும் படகின் உடலில்தான் விழும்; மடங்கும் பலகை பின்னால் தூக்கிக்கொள்ளும். டிரெய்லர் படகுக்காரர்கள் பழகுவது ஏரிகளிலும் கழிமுகங்களிலும் கடலோரத் திட்டுகளிலும்தானே தவிர ஆழ்கடலில் அன்று. ஆகவே தட்டுப்படுவதை மன்னிக்கிற படகு அவர்களுக்குத் தேவைப்பட்டது. போர்ட்டிக்சன் பக்கத்தில் நீர் வடியும் நேரத்தில் கரையேறிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

எக்ஸின் பிறப்புதான் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம். அதற்கு முன்னோட்டமாக 1990-களின் தொடக்கத்தில் மெக்கிரெகர் 19 அடியில் ஒரு படகைக் கட்டிப் பார்த்தார்: பாயும் உண்டு, பெரிய அவுட்போர்டு இன்ஜினும் உண்டு. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் படகுத் தொழிலே தள்ளாடிக்கொண்டிருந்தது. 1991-இல் விதிக்கப்பட்ட ஆடம்பர வரி, ஒரு இலட்சம் டாலருக்கு மேற்பட்ட படகுகளில் அந்த வரம்புக்கு மேலான தொகைக்குப் பத்து விழுக்காடு கேட்டது. பெரிய படகு கட்டியவர்கள் அடிபட்டார்கள், 1993-இல் அது நீக்கப்பட்டது. மெக்கிரெகரும் 65 அடியில் நீண்டு மெலிந்த ஒரு படகைக் கட்டிக்கொண்டிருந்தவர்தான். ஆனால் 26 அந்த வரியின் எல்லைக்கு வெகு கீழே இருந்தது. பெரிதை விட்டு இதில் அவர் முழுக் கவனத்தையும் வைத்தது இந்த நேரத்தில்தான்.

எக்ஸ் வந்தபோது பாய்ப்படகுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். 50 குதிரைத்திறன் இன்ஜின் மாட்டலாம். அடிப்பாரத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு ஓட்டினால் மணிக்கு இருபது மைலைத் தாண்டும் என்று நிறுவனம் விளம்பரம் செய்தது. ஒரு பாய்ப்படகு அதன் நீளத்துக்கு ஏற்ற வேகத்தைத் தாண்டித் தண்ணீரைக் கிழித்து எழும்ப வேண்டுமானால், பின்புறம் அகன்று அடி தட்டையாக இருக்க வேண்டும். நல்ல பாய்ப்படகுக்கு வேண்டிய வடிவம் அதற்கு நேர்மாறு. ஆகவே எக்ஸ் இரண்டிலும் சுமார்தான் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. மெல்லிய காற்றில் அது எஸ்ஸிடமே தோற்கும். ஆனால் ஞாயிறு மாலை காற்று நின்றுவிட, மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய ஒரு தகப்பன் பிள்ளைகளோடு இரண்டு மணி நேரத் தூரத்தில் மாட்டிக்கொண்டால் அவனுக்குத் தேவை நல்ல பாய் அன்று, இன்ஜின். அந்தத் தகப்பனை மெக்கிரெகர் கண்டுகொண்டார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட எக்ஸ் படகுகள் விற்றன. கேலி செய்தவர்கள் கட்டிய படகுகளில் மிகச் சிலவே இந்த எண்ணிக்கையைத் தொட்டன.

படகை ஓட்டும் கருவியும் இங்கே மாறியது. டி, எஸ் இரண்டிலும் ஒரே சுக்கான், அதைத் திருப்பக் கையால் பிடிக்கும் நீண்ட கம்பு. எக்ஸில் இரட்டைச் சுக்கான். காரைப் போல ஸ்டியரிங். அது இன்ஜினையும் சேர்த்தே திருப்பும். கப்பலேறாத ஒருவனும் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கக்கூடிய பொருள் அது. சாலை படகின் அகலத்தையும் எடையையும் முடிவு செய்தது போதாதென்று, உட்காரும் இடத்தையும் முடிவு செய்துவிட்டது என்று எனக்குப் பட்டது.

அந்த எளிமைக்கு ஒரு விலையும் இருந்தது. அடிப்பாரம் காலியாக ஓடுவதற்கு எத்தனை பேர் ஏறலாம், அலை எவ்வளவு இருக்கலாம், அவர்கள் எங்கே உட்கார வேண்டும் என்று கைப்புத்தகத்தில் கட்டுப்பாடுகள் உண்டு. 2002 ஜூலை 4 அன்று வெர்மான்ட் மாநில எல்லையில் உள்ள ஷாம்ப்ளெய்ன் ஏரியில், பதினொரு பேர் ஏறியிருந்த ஒரு எக்ஸ் கவிழ்ந்தது. தொட்டி நிரப்பப்படாமல் இருந்தது, ஓட்டியவர் குடித்திருந்தார், உள்ளே இருந்த இரண்டு சிறு பிள்ளைகள் இறந்தார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. எடைமேடையில் நின்ற தொட்டியை நினைத்துக்கொண்டு இதைப் படித்தபோது, படகில் வால்வு எங்கே இருக்கிறது என்பதைவிட, அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று ஓட்டுபவருக்கு ஏன் ஸ்டியரிங் பக்கத்திலேயே தெரியக் கூடாது என்ற எண்ணம்தான் எனக்கு மேலோங்கியது. பட்டறைக்காரன் புத்தி அப்படித்தான் போகும்.

அடுத்து வந்த எம்மில், தண்ணீர்த் தொட்டியோடு 300 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 136 கிலோ நிரந்தர அடிப்பாரமும் சேர்க்கப்பட்டது. அது எப்போதும் படகிலேயே இருக்கும், திறந்து விட முடியாது. இதனால் சாலையில் எடை கொஞ்சம் கூடியது. எக்ஸ் வெறுமையாக 1065 கிலோ அளவு என்றால் எம் 1155 கிலோ அளவு. தண்ணீருக்கு விட்டுக்கொடுத்த நிரந்தர அடிப்பாரத்தில் ஒரு பகுதியை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொண்ட இடம் இதுதான். பலகையும் மீண்டும் டேகர்போர்டு ஆனது. மடங்கும் பலகைக்காக அடியில் நீளமாகத் திறந்திருந்த பள்ளம் வேகத்தைக் குறைத்ததால், அதை மூடுவதே நோக்கம். பாய்மரம் காற்றுக்கேற்பத் தானே சுழலும்படி அமைந்தது. 2013-இல் ரோஜர் மெக்கிரெகர் ஓய்வுபெற, கோஸ்டா மேசாவின் உற்பத்தி நின்றது. அவருடைய மகளும் மருமகனும் ஃபுளோரிடாவில் "டாட்டூ" என்ற புதிய பெயரில் தொழிலைத் தொடர்ந்தார்கள்.

இதே காலத்தில், இதே கலிஃபோர்னியாவில் தொடங்கிய இன்னொரு டிரெய்லர் படகை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. ஃபிராங்க் பட்லரின் கேட்டலீனா 22, அவருடைய நிறுவனத்தின் முதல் படகு. 1969-இல் தொடங்கி பதினைந்தாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டது. அதன் வரலாற்றை எழுதுவது மிகச் சுலபம். பாயில் தைத்திருக்கும் எண்ணே அதன் வரிசை எண். உரிமையாளர்களின் சங்கம் தொடக்கத்திலிருந்தே பந்தயங்கள் நடத்தியதால், எந்தப் படகிலும் அடிவடிவம் மாறக் கூடாது என்பதில் கறாராக இருந்தது. 1986-இல் புதிய மேல்தளம் வந்தது. 1995-இல் இரண்டாம் வடிவம் வந்து மேற்புறம் அகன்றது. பந்தயக்காரர்கள் பழைய அளவையே கேட்டதால் 2004-இல் அந்த அளவுக்கே திரும்பிய "ஸ்போர்ட்" வந்தது. முப்பத்தைந்து ஆண்டு சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்த படகு அது. நியூசிலாந்தின் ரிச்சர்ட் ஹார்ட்லி வரைந்த 16 அடிப் பலகைப் படகின் நிலை இதற்கு மறுமுனை: வரைபடத்தை வாங்கி ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மக்கள் தத்தம் வீட்டுக் கொட்டகையில் பிளைவுட்டில் கட்டிக்கொண்டதால் அதற்குத் தொழிற்சாலைப் பதிவேடு என்ற ஒன்றே இல்லை.

மெக்கிரெகர் 26 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தொழிற்சாலை இருந்தது, எண்ணும் இருந்தது. ஆனால் வடிவத்தைக் காக்கிற சங்கம் இல்லை. முடிவெடுத்தவர் ஒரே ஒருவர், அவர் பார்த்தது விற்பனையை. அதனாலேயே இருபத்தேழு ஆண்டுகளில் ஒரே எண்ணின் கீழ் ஒன்றோடொன்று பந்தயம் விட முடியாத நான்கு படகுகள் பிறந்தன. கேட்டலீனாவின் நேர்மையான தொடர்ச்சியை மதிக்கிறேன். ஆனால் படித்து ருசிக்க எனக்கு மெக்கிரெகரின் வரலாறுதான் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு எழுத்து மாற்றத்திலும் வாங்குகிறவரின் காரும் சம்பளமும் விடுமுறையும் தெரிகின்றன.

இனி எங்கள் படகுக்கு வருவோம். ஸ்டியரிங் இருந்தது, இரட்டைச் சுக்கான் இருந்தது. ஆகவே டி-யும் எஸ்ஸும் கழிந்தன. பாய்மரத்தின் அடி அசையாமல் பொருத்தப்பட்டிருந்தது. மேல்தளத்தில் டேகர்போர்டு இறங்கும் வாய் இல்லை, அடியில் நீண்ட பள்ளம் இருந்தது. ஆகவே எக்ஸ். எடைமேடையும் அதையே சொன்னது. ஆனால் எக்ஸ் என்றால் 1995 முதல் 2002 வரை எதுவாகவும் இருக்கலாம். காப்புறுதிப் படிவத்துக்கு ஒற்றை ஆண்டு வேண்டும்.

பின்முகத்தின் மூலையைச் சுரண்டுவதற்குப் பதிலாக, மெல்லிய ஈர மணல்தாளால் வட்டமாகத் தேய்த்தோம். ஃபைபர்கிளாஸில் இந்த எண் பள்ளமாகப் பொறிக்கப்பட்டிருந்தால், மேற்பரப்பின் சாயம் போகப் போகப் பள்ளத்தில் தங்கிய சாயம் மட்டும் வேறு நிறத்தில் எழுந்து வரும். முன்பாதியில் யாரோ முன்பு துளை போட்டுக் கொக்கி மாட்டியிருந்தார்கள். ஆகவே கட்டியவரின் எழுத்துகளும் வரிசை எண்ணில் பாதியும் போயின. வரிசை எண்ணின் முதல் இடத்திலேயே எக்ஸ், எம் என்று வகையின் எழுத்தை இந்த நிறுவனம் வைப்பது வழக்கம். அது எங்களுக்குக் கிடைக்கவில்லை. கடைசி நான்கு இடங்கள் மட்டும் தெளிவாக வந்தன: ஜி, 8, 9, 9. ஜி என்றால் வரிசைப்படி ஏழாம் மாதம், ஜூலை. 8 என்பது கட்டிய ஆண்டின் கடைசி எண். தனியே அதை வைத்துக்கொண்டு 1988-ஆ, 1998-ஆ, 2008-ஆ என்று சொல்ல முடியாது. அடுத்து வரும் 99 மாதிரி ஆண்டு என்பதால் 1998 என்று முடிவாகிறது. கார் நிறுவனங்களைப் போலவே ஆண்டின் பிற்பாதியில் கட்டியதை அடுத்த ஆண்டின் மாதிரியாக விற்பது அவர்கள் வழக்கம்.

சான்று ஒன்றாக இருந்தால் பட்டறைக்காரனுக்குத் திருப்தி இராது. மெக்கிரெகர் படகுகள் நிறுவனத்தின் சொந்த டிரெய்லரோடு சேர்த்தே விற்கப்பட்டவை; டிரெய்லர் சாலை வாகனம் என்பதால் அதற்கு 1981 முதல் அமெரிக்காவில் பதினேழு இட வாகன எண் கட்டாயம். அதன் பத்தாவது இடம் மாதிரி ஆண்டு: 1998-க்கு டபிள்யூ, 1999-க்கு எக்ஸ், 2000-க்கு ஒய். இழுவைக் கம்பியின் பக்கவாட்டில் கிரீஸும் செம்மண்ணும் படிந்து கிடந்த சிறு தகட்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததும் எண் முழுதாக வந்தது. பத்தாவது இடத்தில் எக்ஸ். அது படகின் வகையைக் குறிக்கும் எக்ஸ் அன்று, ஆண்டைக் குறிக்கும் எக்ஸ் என்பதை ஆசிரியருக்கு இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது. படகில் அழிந்ததைச் சாலைக்குரிய பாகம் காப்பாற்றி வைத்திருந்தது எனக்கு வியப்பாகவே இல்லை.

காப்புறுதிப் படிவம் கேட்டது கட்டப்பட்ட ஆண்டு என்பதால் 1998 என்று எழுதினார். மாதிரி ஆண்டு 1999 என்பதைப் பக்கத்தில் சிறிய எழுத்தில் சேர்த்தார். அதற்கு அடுத்த கட்டத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன: பாய்ப்படகு, இயந்திரப் படகு, ஒன்றில் மட்டும் குறியிடவும். பின்னால் 50 குதிரைத்திறன் இன்ஜின் தொங்கிக்கொண்டிருந்தது, மேலே பாய்மரம் படுத்திருந்தது. சிறிது யோசித்துவிட்டு இரண்டிலும் குறியிட்டுக் கொடுத்தார். கவுன்டரில் இருந்த பெண் படகின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்தினார்.